குச்சியை விடாத நாய்க்கு எதைக் கடிக்கக் கொடுக்கலாம்?

கேள்வி: வணக்கங்க டாக்டர். பெருந்துறை பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். எங்கள் கருப்பன் எட்டு மாத லேப்ரடார். விறகுக் கட்டு, வேலிக் குச்சி, தென்னை மட்டை, ஒன்றையும் விடுவதில்லை. போன வாரம் ஈறில் சிராய் ஏறி ரத்தம் வந்துவிட்டது. கடிப்பதற்கு என்ன வாங்கிக் கொடுக்கலாமுங்க? பழைய செருப்பைக் கொடுத்தால் தப்பா?

பதில்: முதலில் கருப்பனைத் திட்டாதீர்கள். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். ஆகவே கருப்பனுக்கு ஈறு அரிப்பு முடிந்திருக்கும். இப்போது அவன் கடிப்பது இளவயதுத் துடிப்பு, பொழுது போகாமை, அப்புறம் இனத்தின் குணம். வேட்டையில் சுட்டு விழுத்திய பறவையை வாயில் கவ்விக் கொண்டுவருவதற்காக வளர்த்த இனம் லேப்ரடார். வாயில் எதுவும் இல்லாமல் அவனால் இருக்க முடியாது. கடிக்காதே என்று தடுக்க வேண்டாம், கடிக்கிற பொருளை மாற்றுங்கள்.

குச்சி ஏன் வேண்டாம்? ஈறில் ஏறும் சிராய் இதில் சின்ன விஷயம். உடைந்த துண்டு மேல் அண்ணத்தில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே குறுக்காக மாட்டிக்கொள்ளும். நாய் முன்னங்காலால் வாயைப் பிராண்டும், எச்சில் ஒழுகும், இரண்டு நாளில் வாய் நாறும். அதைவிட மோசமானது, குச்சியை எறிந்து எடுத்துவரச் சொல்லும் விளையாட்டு. ஓடுகிற வேகத்தில் குச்சியின் ஒரு முனை தரையில் ஊன்றிக்கொண்டால் மறுமுனை தொண்டைக்குள் இறங்கிவிடும். கழுத்தில் கட்டி என்று கொண்டுவந்த ஒரு நாய்க்குக் கீறிச் சீழை வெளியேற்றியபோது, உள்ளே விரல் நீளத்துக்கு வேப்பங்குச்சி இருந்தது. குத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர்களுக்கு எப்போது குத்தியது என்றே நினைவில்லை. மரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் இதைக் கண்டுபிடிப்பதும் சிரமம். அதனால் எறிந்து விளையாட இனிமேல் குச்சியை எடுக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் வாயை மூட முடியாமல் எச்சில் வடித்துக்கொண்டு, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் நின்றால், குச்சிதான் என்று நினைத்து வெறுங்கையை உள்ளே விட்டுவிடாதீர்கள். வெறிநோயும் இதே போலத் தெரியும். தாடை செயலிழந்து, விழுங்க முடியாமல், எலும்பு மாட்டியதுபோலவே இருக்கும். தடுப்பூசி தவறிய நாய், தெருநாயிடம் கடி வாங்கிய நாய் என்றால் கிட்டவே போகாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கையை விட்டுவிட்டீர்கள் என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கருப்பனுக்கு மூன்றாவது மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் பொம்மை வாங்குவதற்கு முன்னால் அதைப் போடுங்கள்.

தடுப்பூசி போட்ட, சாதுவாக நிற்கிற நாயின் அண்ணத்தில் குச்சி கண்ணுக்குத் தெரிந்தால், கரண்டிக் காம்பால் மெல்ல நெம்பி எடுக்கலாம். சதையில் குத்தி நின்றாலோ தொண்டைக்குள் இருந்தாலோ இழுக்கவே கூடாது. மீன் முள்ளுக்குச் செய்கிற மாதிரி சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ உள்ளே தள்ளிவிடவும் கூடாது. குச்சியை விழுங்கிவிட்டான் என்றால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், கூர்முனை திரும்பி வரும்போதும் கிழிக்கும். இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். வாந்தி எடுத்தாலோ, வயிறு வலித்துக் கூனி நின்றாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, போகாமலே இருந்தாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் எந்தக் குச்சி என்பதும் முக்கியம். அரளியில் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. வெட்டிப் போட்ட காய்ந்த குச்சியிலும் நஞ்சு அப்படியே இருக்கும். நடவுக்கு அடுக்கி வைக்கிற குச்சிக்கிழங்கு (மரவள்ளி) கரணையை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் தழையைத் தின்று ஆடுமாடு சாவதைப் பார்த்திருப்பீர்கள். நசுங்கும்போது வெளியாகும் சயனைடுதான் காரணம், தண்டிலும் அது உண்டு. எருக்கம்பால் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும். கிளுவை வேலியில் முள். மூங்கில் கத்திபோலப் பிளக்கும்.

சரி, எதைக் கொடுப்பது? கடைக்குப் போனால் எந்தப் பொருளையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிந்தால் அது பல்லுக்கு ஆகும். கல் மாதிரி நின்றால் வாங்காதீர்கள். நாய்கள் கடினமான பொருளைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வதில் அதிகம் அடிபடுவது மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல். பலகைபோல ஒரு சில்லு பெயர்ந்து, வேர்வரை சீழ் பிடித்து, கண்ணுக்குக் கீழே வீங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, கெட்டி நைலான் எலும்பு, யாக் பாலில் செய்த காய்ந்த பாலாடைக்கட்டி எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். விலை அதிகம் என்பதால் நல்ல பொருள் ஆகிவிடாது.

நான் முதலில் சொல்வது, உள்ளே குழிவான, கெட்டியான இயற்கை ரப்பர் பொம்மை. இதற்கு ஒரு கதை உண்டு. 1970களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வேன் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவர் கையில் கிடைத்த ரப்பர் பாகம் ஒன்றைத் தூக்கிப் போட்டார். நாய் கல்லை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘காங்’ என்ற பொம்மை. அதே வகையில் இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. முழுதாக வாய்க்குள் போகாத அளவாகப் பார்த்து வாங்குங்கள், வளரும் லேப்ரடாருக்குப் பெரிய அளவு வேண்டும். குழிக்குள் உப்பில்லாத தயிர்சாதம், வேகவைத்த பூசணி, எலும்பு எடுத்த கோழிக்கறி எதையாவது அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால், சித்திரை வெயிலில் அரை மணி நேரம் ஒரே இடத்தில் படுத்து நக்கிக்கொண்டிருப்பான். வெங்காயம், திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த கடலை வெண்ணெய் ஆகாது. ஃப்ரீசர் இல்லையா, மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வருகிற பெரிய ஊட்டி கேரட்டை முழுதாகக் கொடுங்கள். கூடவே இருந்து, கடைசித் துண்டை வாங்கிவிடுங்கள்.

காசில்லாமல் செய்ய வேண்டும் என்றால் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி இருக்கிறது. மூன்று பட்டைகளை இறுக்கிச் சடையாகப் பின்னி இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, நீங்கள் ஒரு முனையைப் பிடித்து இழுத்து விளையாடுங்கள். தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும், அது பெரிய ஆபரேஷனில் போய் நிற்கும். நூல் பிரிய ஆரம்பித்த அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். தேங்காய் மட்டையும் அப்படித்தான். பிய்ப்பது அவனுக்குப் பிடிக்கும், ஆனால் விழுங்கிய நார் உருண்டையாகி அடைக்கும். கொட்டாங்குச்சியைக் கொடுக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு எலும்பும் வேண்டாம், வெந்த எலும்பு ஊசியாகத்தான் உடையும். டென்னிஸ் பந்தின் ரோமத்தில் செம்மண் ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும்.

அவன் வாயில் குச்சி இருக்கும்போது துரத்திப் பிடுங்காதீர்கள். துரத்தினால் அவனுக்கு அது விளையாட்டு, அவசரத்தில் விழுங்கியும் விடுவான். ரப்பர் பொம்மையைக் காட்டி, குச்சியைக் கீழே போட்டதும் கையில் கொடுங்கள். காலையிலும் மாலையிலும் நன்றாக நடத்திக் கூட்டிப் போங்கள். விறகுக் கட்டை ஆறு அடி உயரத்துக்கு ஏற்றி வையுங்கள்.

ஈறில் ரத்தம் நின்றிருந்தாலும் உதட்டைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். சிவந்தோ வீங்கியோ இருந்தால் சிராய் இன்னும் உள்ளே இருக்கலாம், காட்டி எடுத்துவிடுங்கள்.

செருப்பு வேண்டாமுங்க. பழசு எது, நீங்கள் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற புதுசு எது என்று அவனுக்குத் தெரியாது. பசை, ஆணி, அடித்தோல் எல்லாம் வயிற்றுக்குள் போகும்.