கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கிருந்து வந்தது?

கேள்வி: குறுவை நடவு முடிந்த வயலைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக்கி, லேபில் 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் போட்டேன். திரையில் பளிச்சென்று இருந்தது. பிரிண்டோ இருட்டாக, லேசாகப் பச்சை படிந்து வந்திருக்கிறது. பயிரும் சேறும் ஒரே சாம்பல். தவறு யாருடையது? (வாசகர், திருவையாறு)

பதில்: பச்சை லேபில் வந்தது. மற்ற இரண்டும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே வந்துவிட்டவை.

லேப்களில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படமும் கலர் பேப்பரில்தான் விழுகிறது. அதில் கறுப்புச் சாயம் என்று தனியாக இல்லை. சயான் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றும் சரியாகச் சேர்ந்தால்தான் சாம்பல் கிடைக்கும். மெஷினின் காலிப்ரேஷன் (வண்ண அளவுச் சரிபார்ப்பு) இம்மி விலகினாலும், கலர் படத்தில் ஒளிந்துகொள்ளும் சாயல் இங்கே அப்பட்டமாகத் தெரியும். பச்சையடித்தால் மஜெந்தா குறைந்திருக்கிறது. ஃபைலை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வண்ண முறையில் கொடுத்து, "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று சொல்லுங்கள். பெரிதாகப் போடுமுன், கறுப்பிலிருந்து வெள்ளைவரை 11 படிகள் கொண்ட சாம்பல் பட்டையைப் படத்தின் ஓரத்தில் ஒட்டி, 4க்கு 6-ல் ஒன்று போட்டுப் பாருங்கள். ட்யூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில் ஜன்னலோரம் பாருங்கள். பட்டையில் அடிக் கறுப்புப் படிகள் இரண்டும் ஒன்றாகிவிட்டால், படத்தின் நிழல்களைக் கொஞ்சம் தூக்க வேண்டும்.

இருட்டுக்குக் காரணம் திரையின் மிகையான வெளிச்சம்; அதில் பார்த்துத் திருத்தினால் இருட்டான படமும் பளிச்சென்றே தெரியும். திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துவிட்டு, பிறகு படத்தைத் திருத்துங்கள்.

இனி வயல். சாச்சுரேஷனை (வண்ணச் செறிவை) அடியோடு இறக்கினால் பயிரும் சேறும் ஒரே சாம்பலுக்கு வந்துவிடும். ரா ஃபைலை (கேமரா பதிந்த மூல ஃபைலை) எடுத்து, எடிட்டிங் மென்பொருளின் பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸில் வண்ணம் வண்ணமாகத் திருத்துங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் இளம்பயிர் அதிகம் அசையாது. வெயில் பட்ட நாற்றில் மஞ்சள்தான் மிகுதி. மஞ்சளை ஏற்றிப் பாருங்கள், சேற்றிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பயிர் எழுந்து நிற்கும். வானத்தைக் கறுக்க நீலத்தை இறக்கலாம்; அளவு மீறினால் வானத்தில் பொரிப்பொரியாகப் புள்ளியும், தென்னங்கீற்றின் ஓரத்தில் வெள்ளைக் கோடும் வரும்.

12க்கு 18-க்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 3600க்கு 5400 வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராப் படம் வெட்டாமல் இருந்தால் தாராளம்.

கேள்வி: வீட்டு பிரிண்டரிலேயே போடலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: நான்கு மை பிரிண்டரில் வேண்டாம், அங்கும் சாம்பல் பெரும்பாலும் வண்ண மைகளைக் கலந்துதான் வரும். கறுப்போடு சாம்பல் மைகளும் தனியாக உள்ள பிக்மென்ட் (நுண்துகள் மை) பிரிண்டர் என்றால் அருமையாக வரும். கறுப்பு மையில், பளபளப்புத் தாளுக்கு போட்டோ பிளாக், பளபளப்பில்லாத மேட் தாளுக்கு மேட் பிளாக். மாற்றிப் போட்டால் கறுப்பு வெளிறும் அல்லது தேய்த்தால் கையோடு வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து ஈரத்தைத் தாள் குடித்து நெளியும். நெளிந்த ஓரத்தில் பிரிண்டரின் ஹெட் (மை தெளிக்கும் முனை) உரசிக் கறுப்புத் தீற்றல் விழும். தாளை உறையில் இறுக்கி மூடி வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள். போட்ட பிரிண்டை ஒரு நாள் முழுக்க உலர்த்தி, கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போடுங்கள்.