டிவியில் வரும் டாக்டர், பதிவேட்டில் யார்?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. இன்னும் நான்கு மாதத்தில் கல்யாணம். அதற்குள் மூக்கைத் திருத்தி, வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். டிவியிலும் இன்ஸ்டாகிராமிலும் அடிக்கடி வரும் ஒரு டாக்டரிடம்தான் போவாளாம். “எல்லாருக்கும் தெரிஞ்ச டாக்டர்மா, தப்பா செய்வாரா?” என்கிறாள். எங்களுக்குப் பழக்கமான பியூட்டி பார்லர் பெண்மணி ஒருவர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறார். இந்த வாரத்துக்குள் 3,000 வெள்ளி முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். மூச்சு விடச் சிரமம் என்று எழுதி வாங்கிவிட்டால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கலாமாம். அந்த டாக்டர் உண்மையான பிளாஸ்டிக் சர்ஜன்தானா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? — சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாய்.

பதில்: முதலில் அந்த 3,000 வெள்ளியைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும், பணமும் செலவாகாது. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் டாக்டர்களின் பதிவேடு இருக்கிறது. டாக்டரின் முழுப்பெயரை அதில் தட்டிப் பாருங்கள். விளம்பரப் பெயர் வேண்டாம், பதிவில் உள்ள பெயர் வேண்டும். கிளினிக்குக்கு போன் செய்து கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவேட்டில் என்ன படித்தார், எங்கே வேலை செய்கிறார் என்பதோடு ‘ஸ்பெஷாலிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்று இருந்தால் அவர் அந்தத் துறையின் நிபுணர். அந்த வரி காலியாக இருந்தால் அவர் டாக்டர்தான், ஆனால் நிபுணர் இல்லை. பதிவேடு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால், மகளையே உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். நான்கு மொழியில் அறிவிப்புப் பலகை வைக்கத் தெரிந்த ஊரில், ஒரு தாய் தன் மகளின் டாக்டரைத் தாய்மொழியில் தேட வழியில்லை என்பது எனக்குப் பல வருடக் கோபம்.

இந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரி இங்கே அங்கீகரிக்கப்பட்ட நிபுணத்துறை. ‘காஸ்மெட்டிக் சர்ஜரி’, ‘ஈஸ்தெட்டிக் மெடிசின்’ என்ற அழகுச் சிகிச்சைப் பெயர்கள் அந்தப் பட்டியலில் கிடையாது. மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, அப்புறம் மருத்துவமனைப் பணி, அதற்கும் மேலே பல ஆண்டு அறுவைப் பயிற்சி என்று வந்தவர்தான் முதல் வகை. அந்த ஆண்டுகளில் அவர் அழகு பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வெந்நீர் கொட்டிய குழந்தைகள், இயந்திரத்தில் விரல் போன தொழிலாளிகள், புற்றுநோயில் மார்பகம் இழந்த பெண்கள், பிளந்த உதட்டோடு பிறந்த சிசுக்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும். நானும் தீக்காயப் பிரிவில்தான் கற்றுக்கொண்டேன். தோல் எப்படி ஆறும், எங்கே ஏமாற்றும் என்பது அங்கேதான் புரியும். ‘காஸ்மெட்டிக்’, ‘ஈஸ்தெட்டிக்’ என்ற பெயரை ஒருவர் எதைக் கற்றுக்கொண்டு போட்டுக்கொள்கிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வார இறுதிப் பயிற்சிக்குப் போய்வந்த சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதே அளவில்தான் தொங்கும். சாதாரண மக்கள் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்? பார்க்க முடியாது. அந்தக் குழப்பத்தில்தான் பலர் பிழைக்கிறார்கள்.

சரி, பிரபலமானவர் என்றாலே சந்தேகப்பட வேண்டுமா? வேண்டாம். டாக்டர் வோஃபிள்ஸ் வூவின் பெயர் தெரியாதவர்கள் இந்த ஊரில் குறைவு. அவர் முறையான பிளாஸ்டிக் சர்ஜன். நூலை உள்ளே செலுத்தி முகத்தைத் தூக்கும் ஒரு முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இங்கே தொழில் முதலில் வந்தது, புகழ் அதன் பின்னால் வந்தது. வேறொரு கதையும் உண்டு. 2012இல் ரிச்சர்ட் டியோ என்ற டாக்டர் பல் மருத்துவ மாணவர்கள் முன்னால் பேசினார். கண் மருத்துவப் பயிற்சியை விட்டுவிட்டு அழகுச் சிகிச்சைக்குப் போனதையும், பணமும் கார்களும் குவிந்ததையும், நோயாளிகளை வருமானமாகவே பார்த்ததையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது. அதே ஆண்டு காலமானார். அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து, சாகும் தறுவாயில் அதைச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது என்று நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். உங்கள் மகளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: ஒருவர் டிவிக்கு வந்த பிறகு செய்ததைப் பார்க்காதே, டிவிக்கு வருவதற்கு முன் பத்து வருடம் எங்கே இருந்தார் என்று பார்.

புகைப்படங்களையும் நம்ப வேண்டாம். முன்பு இப்படி, பின்பு இப்படி என்ற படங்களையும், நோயாளிகளின் பாராட்டுரைகளையும் கிளினிக் விளம்பரத்தில் போடக் கூடாது என்பது இங்குள்ள விதி. ஆனாலும் என் கைப்பேசியில் வாரம் தவறாமல் அப்படி ஏதாவது வந்து விழுகிறது. புகார் கொடுத்தால் விசாரணை நகரும் வேகத்தில் அந்தப் படத்திலிருக்கும் பெண்ணுக்குப் பேரப்பிள்ளையே பிறந்துவிடும். அதனால் சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்காமல், உங்கள் பணத்தை நீங்களே காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பார்லர் பெண்மணி. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு நோயாளியை அனுப்பியதற்காகவே டாக்டர் கமிஷன் கொடுப்பது மருத்துவ மன்றத்தின் நெறிமுறைக்கு விரோதமானது. அப்படியிருந்தும் இந்தத் தொழிலில் இடைத்தரகர்கள் ஏராளம். பார்லர், ஜிம், கல்யாண ஒப்பனைக்காரர், ஜொகூருக்கும் பாங்காக்கிற்கும் சோலுக்கும் ‘பேக்கேஜ்’ போடுகிறவர் என்று எத்தனையோ முகங்கள். அவர்கள் எல்லாரிடமும் மூன்று பழக்கம் பொதுவாக இருக்கும். டாக்டரை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே விலை சொல்வார்கள். ‘இந்த வாரத்துக்குள்’ என்பார்கள். ஆபத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்பார்கள். உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் அறுவைக்கு விலை சொல்ல எந்த நல்ல சர்ஜனாலும் முடியாது. அவரிடம் நேராகக் கேளுங்கள்: “இதில் உங்களுக்கு எவ்வளவு வரும்?” கோபப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெடிசேவ் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மெடிசேவ் கிடையாது, மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதியும் கிடையாது. மருத்துவக் காரணம் உண்மையிலேயே இருந்தால் உண்டு. மூக்கின் நடுத்தண்டு உள்ளே வளைந்து ஒரு பக்கம் மூச்சே போகவில்லை என்றால் அதைச் சரிசெய்வது சிகிச்சை. கண்ணிமை தொங்கிப் பார்வையை மறைத்தால் அதைத் தூக்குவதும் சிகிச்சை. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு மார்பகத்தை மீண்டும் அமைப்பதும் அப்படியே. உங்கள் மகளுக்கு நிஜமாகவே மூச்சுத் தொல்லை இருந்தால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். அவர்கள் உள்ளே பார்த்துச் சொல்வார்கள். அப்படி நடுத்தண்டைத் திருத்தும்போதே வெளித்தோற்றத்தையும் மாற்றிக்கொள்ள விரும்பினால், அந்தப் பகுதிக்குத் தனி ரசீது, அதை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். மூக்கு அறுவை செய்யும் காது மூக்கு தொண்டை நிபுணர்களும் உண்டு. அவர்கள் பதிவில் ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஆனால் இல்லாத மூச்சுத் தொல்லையை எழுதி வாங்கினால் அது பொய்க் கணக்கு. கையெழுத்து உங்கள் குடும்பத்துடையது. பார்லர் பெண்மணியுடையது அங்கே எங்கும் இருக்காது.

கொழுப்பு எடுப்பதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். 2009 டிசம்பரில் இங்கே ஒரு நிறுவனத் தலைவர், 44 வயதுக்காரர், கிளினிக்கில் கொழுப்பு எடுக்கப் போய் இறந்தார். மயக்க மருந்தால் மூச்சுப்பாதை அடைபட்டதுதான் காரணம் என்று மரண விசாரணையில் சொல்லப்பட்டது. ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: மயக்கம் கொடுப்பது யார், அதற்கென்று தனி மயக்கவியல் நிபுணர் இருப்பாரா, ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கசிந்தால் யாருடைய எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

நம் தோலுக்கென்று ஒரு கேள்வி உண்டு. கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம். மகளின் காதுத் துளையிலோ தடுப்பூசி போட்ட தோளிலோ கட்டிபோல் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். காட்டிய பிறகும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை என்றால் வேறு ஒருவரைப் பாருங்கள்.

நான்கு மாதக் கணக்கும் சரியாக வராது. மூக்கு அறுவைக்குப் பிறகு நீலமும் வீக்கமும் பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும், ஆனால் மூக்கு நுனியில் வீக்கம் முழுதாக இறங்கி வடிவம் நிலைக்க ஒரு வருடம்கூட ஆகலாம். கல்யாணத்தன்று மூக்குத்தி போட எண்ணமிருந்தால் அதையும் முன்கூட்டியே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். கல்யாணம் முடிந்து அடுத்த வருடம் செய்துகொள்ளச் சொன்னால் உங்கள் மகள் உங்கள்மேல் கோபப்படுவாள். படட்டும்.

பதிவேட்டைப் பார்த்த பிறகும் அவளுக்கு அதே டாக்டர்தான் வேண்டும், அவரும் நிபுணராகவே இருக்கிறார் என்றால் நான் தடுக்கச் சொல்ல மாட்டேன். நீங்களே கிளினிக்குக்குப் போன் செய்து நேரம் வாங்குங்கள். முதல் சந்திப்புக்கு மகளோடு நீங்களும் போங்கள், பார்லர் பெண்மணி வர வேண்டாம். பார்த்துவிட்டு வந்து குறைந்தது ஒரு வாரமாவது எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.