கைசர் கையெழுத்து, 180 யூரோ: வாங்கலாமா?

கேள்வி: பெர்லினில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்ம் ராணுவ உடையில் நிற்கும் அஞ்சலட்டை ஒன்று கண்ணில் பட்டது. கீழே ‘வில்ஹெல்ம் ஐ.ஆர்.’ என்று கையெழுத்து. பேரரசரே போட்டது என்று கடைக்காரர் 180 யூரோ கேட்கிறார். அடுத்த வாரம்வரை எடுத்து வைப்பாராம். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ‘ஐ.ஆர்.’ என்பது பேரரசர், அரசர் என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் சுருக்கம். வில்ஹெல்ம் அப்படித்தான் கையெழுத்திடுவார். ஆனால் அந்தக் கையெழுத்தை அச்சிலேயே சேர்த்த அட்டைகள் அன்றே ஏராளமாக விற்றன. அப்போது அது வழக்கம்தான். இன்று அதைக் காட்டி ‘கைப்பட எழுதியது’ என்று விற்பதுதான் ஏமாற்று.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கொண்டுபோங்கள். கோடு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். புள்ளி இல்லையென்றாலும் உடனே பர்ஸை எடுக்க வேண்டாம். இந்த அட்டைகளில் பல, நெகட்டிவிலிருந்து போட்ட அசல் புகைப்படங்கள். பெர்லினின் குஸ்டாவ் லியர்ஷ், என்.பி.ஜி. போன்ற நிறுவனங்கள் அப்படிப் போட்டுத் தள்ளின. நெகட்டிவிலேயே கையெழுத்து இருந்தால் புள்ளி வராது. அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பேனா மை என்றால் கோடு ஓடும் இடத்தில் பளபளப்பு மாறும். படமும் கையெழுத்தும் ஒரே பளபளப்பில் இருந்தால் அது படத்தின் பகுதிதான்.

அச்சுக் கையெழுத்து என்றால் சில யூரோவுக்கு மேல் கொடுக்காதீர்கள். அரச குடும்பத்துப் படம் என்றாலே அரிது என்று நாம் நினைக்கிறோம். நடந்தது நேர்மாறு. 1905-இல் பட்டத்து இளவரசருக்கும் செசீலியேவுக்கும் திருமணம், 1913-இல் இளவரசி விக்டோரியா லூயிசேவுக்குத் திருமணம் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டை வந்தது. மக்கள் வாங்கி ஆல்பத்தில் பத்திரமாக வைத்தார்கள். அதனால்தான் இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

இன்னொன்று. வில்ஹெல்முக்குப் பிறக்கும்போதே இடக்கை பாதிக்கப்பட்டிருந்தது. படங்களில் அந்தக் கை வாள் பிடியிலோ கையுறைகளைப் பிடித்தபடியோ இருக்கும். அடுத்தடுத்த அட்டைகளில் அதை எப்படி மறைத்தார்கள் என்று தேடிப் பார்ப்பது எனக்குக் கையெழுத்தைவிடச் சுவாரசியமாக இருக்கிறது.

கேள்வி: பெர்லின் வெற்றித் தூண் இருக்கும் அட்டை வாங்கினேன். தேதி இல்லை, தபால்தலை இல்லை. பழையதா, மறுபதிப்பா?

பதில்: தூண் எங்கே நிற்கிறது? நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் என்றால் படம் பழையது. 1873-இல் திறந்த அந்தத் தூணை 1938-39-இல்தான் ஒரு அடுக்கு கூட்டி, இப்போது நிற்கும் டியர்கார்டன் பூங்காவின் நடுவுக்கு நகர்த்தினார்கள். ஆனால் படம் பழையது என்பதால் அட்டையும் பழையதாகிவிடாது. அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும் என்றிருந்தால் பெரும்பாலும் 1905-க்கு முந்தையது. நடுவில் கோடு போட்டுச் செய்திக்கும் இடம் கொடுத்தது அந்த ஆண்டில்தான். அப்புறம் அளவு: அக்கால அட்டை ஏறக்குறைய 9×14 செ.மீ. இப்போதையது 10.5×14.8 என்று சற்றுப் பெரிது. புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த வெளுப்பூட்டி அதில் இருக்கிறது.

இனி வாங்கும்போது தபாலில் போனதாகப் பாருங்கள். 1916 ஜூலை வரை உள்நாட்டு அஞ்சலட்டைக்கு 5 பெனிக் (அன்றைய ஜெர்மன் காசு), ஆகஸ்டிலிருந்து ஏழரை. முத்திரையில் தேதி மங்கியிருந்தாலும் தபால்தலை காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: இணையத்தில் ஒரு ஜெர்மன் விற்பனையாளரிடம் ‘அசல் 1897, கோப்ளென்ஸ் கைசர் நினைவுச்சின்னம்’ என்று வாங்கினேன். வந்தது மறுபதிப்பு. நானும் ஜெர்மனியில்தான் இருக்கிறேன். திருப்ப முடியுமா?

பதில்: விற்றவர் வணிகர் என்றால், கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ஆனால் அதை எழுத்தில் தெரிவியுங்கள். பேசாமல் திருப்பி அனுப்பினால் மட்டும் போதாது. தனிநபர் என்றால் அந்த உரிமை கிடையாது. ஆனாலும் ‘அசல்’ என்று விளம்பரத்தில் எழுதியதற்கு அவர் பொறுப்பு. அந்தப் பக்கத்தை அவர் அழிப்பதற்குள் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.