அக்கவுன்ட்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டையும் அடிப்படையிலிருந்து ஒரே நேரத்தில் படிக்க முடியுமா?

கேட்டிருப்பவர் திருப்பூர்த் தம்பி. பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு, இப்போது பி.காம். முதல் வருடம், சாயங்காலம் ஆனால் அப்பாவின் சாயப்பட்டறை. அக்கவுன்ட்ஸ் இப்போதுதான் பழக்கம், கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது, அப்பாவோ இரண்டும் தெரிந்தால்தான் பட்டறையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்கிறார். எங்கே ஆரம்பிப்பது, டியூஷன் வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

அப்பா சொல்வது சரிங்க தம்பி. நான் படித்தது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பிழைப்பு சாயப்பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் தொழிலில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதுதான் கஷ்டம்.

முதலில் அக்கவுன்ட்ஸ். கல்லூரியில் எதை டெபிட் (பற்று), எதை கிரெடிட் (வரவு) என்று எழுதுவது என்பதற்கு மூன்று விதிகளை மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். பரீட்சைக்கு அது வேண்டும், பண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் புரிவதற்கு, சொத்து = பொறுப்பு + மூலதனம் என்ற சமன்பாட்டிலிருந்து வாருங்கள். மெஷின், கையிருப்புச் சாயம், பார்ட்டிகள் தர வேண்டிய பாக்கி எல்லாம் இடப்பக்கம். கெமிக்கல் கடைக்குத் தர வேண்டியது, பேங்க் கடன், அப்பா போட்ட முதல் எல்லாம் வலப்பக்கம். எந்த வரவு செலவு நடந்தாலும் குறைந்தது இரண்டு இடம் அசையும், சமன்பாடு குலையாது. பேங்கில் பார்ட்டி போட்ட பணம் பாஸ்புக்கில் கிரெடிட் என்று வருகிறதே, அதையே நம் புத்தகத்தில் டெபிட் என்று எழுதுகிறோமே என்று எல்லோரும் ஒருமுறை முழிப்பார்கள். பாஸ்புக் பேங்கின் கணக்கு. நம் பணம் அவர்களுக்குக் கடன், நமக்குச் சொத்து. கடன் கூடினால் கிரெடிட், சொத்து கூடினால் டெபிட். இது பிடிபட்டால் பேங்க் ரீகன்சிலியேஷனுக்கு, அதாவது பாஸ்புக்கையும் நம் புத்தகத்தையும் ஒத்துப்பார்ப்பதற்கு, தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரை மூன்று நான்கு மாதம் தொடாதீர்கள். அது உங்களுக்காகக் கூட்டிக் கழித்துவிடும், எங்கே இடறியது என்று காட்டாது. நோட்டில் ஜர்னல் (குறிப்பேடு), லெட்ஜர் (பேரேடு), டிரையல் பேலன்ஸ் (டெபிட், கிரெடிட் இரண்டின் கூட்டுத்தொகையும் நேராகிறதா என்று பார்க்கும் பட்டியல்) என்று கையால் போடுங்கள். டிரையல் பேலன்ஸ் 8,400 ரூபாய் இடித்தால், அதாவது இரு பக்கமும் அவ்வளவு வித்தியாசப்பட்டால், முதலில் 4,200 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஒரு தொகை பக்கம் மாறி உட்கார்ந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். வித்தியாசம் 9-ஆல் மீதமின்றி வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கலாம்: 5,400-ஐ 4,500 என்று எழுதியிருந்தால் 900 இடிக்கும். எல்லாம் நேர் ஆகிவிட்டது என்றால் கணக்கு சரி என்று அர்த்தமும் இல்லை. மோட்டார் ரீவைண்டிங் செலவை ரிப்பேர் கணக்கில் காட்டாமல் மெஷினரியில் ஏற்றினாலும் டிரையல் பேலன்ஸ் ஜம்மென்று நிற்கும், லாபம் மட்டும் பொய்யாகக் கூடியிருக்கும். தேய்மானம், இறுதிக் கணக்கெல்லாம் இதற்கு அப்புறம் தானாக வரும்.

கெமிஸ்ட்ரிக்கு வருவோம். ஆர்கானிக் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். மோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு), செறிவு, பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) இந்த மூன்றும் போதும். படிக்க வேண்டிய இடம் உங்கள் பட்டறையின் பேட்ச் கார்டு, அதாவது ஒவ்வொரு தடவையும் எதை எவ்வளவு போடுவது என்று எழுதிய சீட்டு. 200 கிலோ துணி, எம்.எல்.ஆர். (துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்) 1:8 என்றால் தண்ணீர் 1,600 லிட்டர். ஷேடு 2 சதம் என்றால் சாயம் 4 கிலோ, அது துணி எடையின் மேல் கணக்கு. சோடா ஆஷ் 20 ஜி.பி.எல். (லிட்டருக்கு 20 கிராம்) என்றால் 32 கிலோ, அது தண்ணீரின் மேல் கணக்கு. எது எதன் மேல் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிப் பழகுங்கள். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சோடா ஆஷ் என்பது சோடியம் கார்பனேட், ஒரு மோல் 106 கிராம். அப்படியானால் லிட்டருக்கு 20 கிராம் என்பது சுமார் 0.19 மோல். ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு எதற்கு, சோடா எதற்கு என்று கேட்டீர்களானால், பருத்தி தண்ணீரில் எதிர்மின்சுமையோடு இருக்கும், சாயத்துக்கும் அதே சுமை, இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தைத் துணிக்கு அனுப்புகிறது. சோடா அந்தச் சாயத் தண்ணீரை (பாத்) காரமாக்கி, சாயம் பருத்தியோடு வினைபுரிந்து பிணையும்படி செய்கிறது. அந்தக் காரத்தில் கொஞ்சம் சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்து வீணாகும். கடைசியில் சோப்பிங் போட்டு அலசுவது அதை வெளியேற்றத்தான்.

பி.எச். ஒன்று இறங்கினால் ஹைட்ராக்சைடு செறிவு பத்தில் ஒரு பங்காகும். 11-லிருந்து 7 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் சாயமிட்ட பிறகு மிஞ்சும் காரத்தைச் சமன்செய்ய எவ்வளவு ஆசிட் ஊற்றுவது என்பதை மீட்டர் சொல்லாது, மோல் கணக்குதான் சொல்லும். ஒரு மோல் சோடியம் கார்பனேட்டை முழுக்கச் சமன்செய்ய இரண்டு மோல் அசிட்டிக் ஆசிட், அதாவது 106 கிராமுக்கு 120 கிராம். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது.

இரண்டு பாடமும் கைகோக்கும் இடம் கெமிக்கல் பர்ச்சேஸ். சோடா ஆஷ் கிலோ 40 ரூபாய் என்று வையுங்கள். ஒருவர் வாஷிங் சோடாவை 20 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். சரிபாதி விலை, சந்தோஷம்தான். ஆனால் வாஷிங் சோடாவும் அதே சோடியம் கார்பனேட்தான் என்றாலும், அதில் ஒவ்வொரு மோலோடும் பத்து மோல் தண்ணீர் ஒட்டியிருக்கிறது, அதனால் 106 கிராம் வேலைக்கு 286 கிராம் தேவை. ஒரு கிலோவுக்குப் பதில் 2.7 கிலோ, விலை 54 ரூபாய். வெளுக்கப் போடும் ஹைட்ரஜன் பெராக்சைடின் செறிவு 50 சதமா 35 சதமா என்று பார்க்காமல் கிலோ விலையை மட்டும் ஒப்பிடுவதும் இதே கதை. அக்கவுன்டன்ட் பில்லைப் பார்ப்பார், சாயமிடுவதைக் கவனிக்கும் டை மாஸ்டர் டிரம்மைப் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருப்பதில்லை. அப்பா உங்களை அங்கேதான் உட்காரவைக்கப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

உப்பும் அப்படித்தான். பாத்தில் போட்ட உப்பு துணியில் தங்குவதில்லை, அத்தனையும் கழிவுநீரில் வந்து நிற்கும். அது நொய்யல் ஆற்றில் போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். இப்போது ஆர்.ஓ. (சவ்வு வழியாக வடிகட்டுவது), எவாப்பரேட்டர் (தண்ணீரை ஆவியாக்குவது) என்று போகிற செலவெல்லாம் அந்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கத்தான். ஒரு மாதத்தில் வாங்கிய உப்பு எத்தனை கிலோ, திரும்பக் கிடைத்தது எத்தனை கிலோ என்று இரண்டு பத்தியில் எழுதிப் பாருங்கள். ஒரே தாளில் கெமிஸ்ட்ரியும் காஸ்டிங்கும் வந்துவிடும்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டிலிருந்து பிழைத் திருத்தம் வரை, பிளஸ் ஒன் வேதியியலில் முதல் பாடம், பிளஸ் டூவில் அயனிச் சமநிலை. தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, கல்லூரிப் பரீட்சைக்கு ஆங்கிலச் சொற்களை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

டியூஷன் அக்கவுன்ட்ஸுக்கு மட்டும், அதுவும் முதல் செமஸ்டர் மார்க் பார்த்துவிட்டு. கெமிஸ்ட்ரிக்கு உங்கள் டை மாஸ்டரே போதும். என்ன, ஏன் என்று கேட்டால் "அப்படித்தானுங்க போடோணும்" என்பார். அதைக் குறித்துவைத்து, புத்தகத்தில் காரணம் தேடுங்கள். கிடைக்காததை இங்கே கமெண்ட்டில் கேளுங்கள்.