காட்டு ஜெரேனியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜெரேனியம் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? பூவைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லையே?

பூவில் தேடினால் கிடைக்காது, காய் வரும்வரை பொறுத்திருங்கள். கிரேக்கத்தில் ‘கெரனோஸ்’ என்றால் கொக்கு, அதாவது சாரசக் கொக்கின் இனத்தைச் சேர்ந்த பறவை. இதழ்கள் உதிர்ந்த பிறகு பூவின் நடுத்தண்டு நீண்டு கூராகி, அந்தப் பறவையின் அலகு மாதிரியே நிமிர்ந்து நிற்கும். அடியில் ஐந்து சின்ன அறைகள், பெரும்பாலும் அறைக்கு ஒரு விதை. காய் முற்றி உலர்ந்ததும் அலகு ஐந்து கீற்றுகளாகப் பிளக்கும். ஒவ்வொரு கீற்றும் வெடுக்கென்று மேலே சுருண்டு, தன் விதையைத் தூர வீசிவிடும். இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு நொடிதான். பழுப்பேறிய காய் கண்ணில் பட்டால் விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்.

விதை எடுக்கப் போனால் காய் எப்போதும் காலியாகவே இருக்கிறதே?

நீங்கள் போவதற்குள் வீசிவிட்டது, அவ்வளவுதான். அலகு பழுப்பாகத் தொடங்கும்போதே மெல்லிய துணிப் பையை மாட்டிக் கட்டிவிடுங்கள்.

தொட்டியில் வளர்க்கும் சிவப்பு ஜெரேனியமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது பெலார்கோனியம், பெரும்பாலும் தென்னாப்பிரிக்க வழி வந்தது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஜெரேனியம் என்றே சேர்த்து வைத்தார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பிரித்தார். ஆனால் பழைய பெயர் தோட்டக்காரர்கள் வாயில் நிலைத்துவிட்டது. ‘பெலார்கோஸ்’ என்றால் செங்கால் நாரை. இதே குடும்பத்து எரோடியமும் ‘எரோடியோஸ்’ என்ற இன்னொரு நாரையின் பெயரைத் தாங்கியது. ஆக, மூன்றுமே அலகை வைத்து வந்த பெயர்கள். பிரித்தறிய இதழ்களைப் பாருங்கள்: ஜெரேனியத்தில் ஐந்தும் ஒரே மாதிரி இருக்கும், பெலார்கோனியத்தில் மேலிரண்டு பெரும்பாலும் வேறுபடும். அப்புறம், கடையில் ஜெரேனியம் எண்ணெய் என்று விற்பதும் பெலார்கோனியத்தின் இலையிலிருந்து எடுப்பதுதான்.

காட்டு ஜெரேனியத்தின் அறிவியல் பெயரான ‘ஜெரேனியம் மாகுலாட்டம்’ என்பதில் இரண்டாவது சொல் எதைக் குறிக்கிறது?

லத்தீனில் ‘புள்ளியுள்ளது’ என்று பொருள். இலையில் சில சமயம் தெரியும் வெளிறிய திட்டுகளைச் சொல்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், மர நிழலில், வசந்த காலத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து பூக்கும் செடி இது.

அதன் வேர் மருந்தாகுமா?

வேரில் துவர்ப்புத் தரும் டானின் நிறைய இருக்கிறது. அங்குள்ள பூர்வகுடி மக்கள் வயிற்றுப்போக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நீங்களாகத் தோண்டிக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.