ஹெபடைடிஸ் பி-க்கு டிஎன்ஏ தடுப்பூசி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: ஹெபடைடிஸ் பி-க்குத்தான் ஏற்கெனவே தடுப்பூசி இருக்கிறதே, புதிதாக இன்னொன்று எதற்கு?

வருமுன் காக்க இருப்பதே போதும். ஈஸ்ட்டில் தயாரித்த வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைக் கொண்ட அந்த ஊசி 1986 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மிக நல்ல ஊசி. சிக்கல் ஏற்கெனவே நாள்பட்ட தொற்றோடு வாழ்பவர்களுக்கு. 2022-இல் அவர்கள் சுமார் 25.4 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆன்டிபாடி ரத்தத்தில் திரியும் வைரஸைப் பிடிக்கும். கல்லீரல் செல்லுக்குள் பதுங்கியதை எட்டாது. அதற்குத் தொற்றிய செல்லையே அழிக்கும் எதிர்ப்பு செல்களான கொல்லி டி செல்கள் வேண்டும். அவற்றை எழுப்பும் என்றுதான் டிஎன்ஏ ஊசியை நம்பினார்கள்.

கேள்வி: தசையில் போடும் டிஎன்ஏவைப் பற்றி டி செல்லுக்கு எப்படித் தெரிகிறது, சார்? பாடத்தில் இந்த இடம்தான் புரியவில்லை.

ஊசியில் இருப்பது பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏ. அது செல்லின் உட்கருவுக்குள் போனால், செல்லே வைரஸ் புரதத்தைச் செய்யத் தொடங்கும். உள்ளேயே உருவான புரதம் என்பதால் அதன் துண்டுகள் எம்எச்சி வகை 1 மூலக்கூறில் ஏறி வெளியே காட்டப்படும். கொல்லி டி செல் பார்ப்பது இதைத்தான். ஆனால் தசை செல் மட்டும் காட்டினால் டி செல் விழித்தெழாது. துணைச் சமிக்ஞை வேண்டும். அதைக் கொடுப்பது, அந்நியப் புரதத்தை டி செல்லுக்குக் காட்டுவதையே வேலையாகக் கொண்ட டென்ட்ரைட்டிக் செல். அது நேரடியாக பிளாஸ்மிட்டை வாங்கிக்கொள்ளலாம், அல்லது தசை செல் செய்த புரதத்தை எடுத்துக் காட்டலாம்.

அப்புறம், பிளாஸ்மிட் பாக்டீரியாவில் வளர்ந்தது. அதனால் அது தானே ஒரு அபாய மணி. அந்த மணியைக் கேட்பது டிஎல்ஆர்-9 என்ற உணரி என்றே வெகுநாள் நினைத்தார்கள். அது இல்லாத எலிகளிலும் ஊசி வேலை செய்தது! செல்லுக்குள் வழிதவறிக் கிடக்கும் டிஎன்ஏவை உணரும் ஸ்டிங் பாதைதான் முக்கியம் என்று பிறகு தெரிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

கேள்வி: எலிக்கு அருமையாகப் பலித்தது மனிதருக்கு ஏன் பலிக்கவில்லை?

போட்ட டிஎன்ஏவில் பெரும்பகுதி செல்லுக்குள் போவதே இல்லை. எலியின் சிறிய தசையில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை, மனிதரில் தெரிந்தது. நுழைக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள், கதையே மாறும். 2000-இல் வெளிவந்த ஆய்வில் தங்கத் துகளில் டிஎன்ஏவைப் பூசி, மரபணுத் துப்பாக்கியால் தோலுக்குள் செலுத்தினார்கள். ஒரு தவணைக்குச் சில மைக்ரோகிராம்தான். 12 தன்னார்வலர்களுக்கும் பாதுகாப்பு அளவான மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டை ஆன்டிபாடி எட்டியது. மின்துடிப்பால் செல்சவ்வைச் சற்றுத் திறக்கும் முறையும் கைகொடுக்கிறது.

கேள்வி: என் அண்ணன் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். இந்த ஊசி கிடைத்தால் நிறுத்திவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து அவராக நிறுத்த விடாதீர்கள். வைரஸ் வேகமாகத் திரும்பி கல்லீரலையே செயலிழக்கச் செய்யலாம். பிரான்சில் மாத்திரையில் இருந்த சுமார் 70 பேரிடம் டிஎன்ஏ ஊசியைச் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் மாத்திரையை நிறுத்தியபின் நோய் திரும்புவது குறையவில்லை. பல ஆண்டுகள் வைரஸ் புரதத்தில் மூழ்கிக் கிடந்த டி செல்கள் களைத்துப்போகின்றன. டி செல்லின் மேலுள்ள பிடி-1 போன்ற தடைப் புரதங்கள் அவற்றைப் பிடித்து வைக்கின்றன. அந்தத் தடையை நீக்காமல் ஊசி மட்டும் போட்டுப் பயனில்லை என்பதே என் கருத்து. நீங்களும் வீட்டில் உள்ள மற்றவர்களும் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லாதவர்கள் வழக்கமான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதை இன்றே செய்யலாம்.

கேள்வி: ஊசி டிஎன்ஏ நம் மரபணுவில் ஒட்டிக்கொள்ளுமா?

பிளாஸ்மிட் உட்கருவில் தனியாகவே இருக்கும். விலங்குகளில் தேடிப் பார்த்ததில், ஒட்டும் வாய்ப்பு இயல்பாக நேரும் மரபணு மாற்றங்களைவிட மிகக் குறைவு. உண்மையில் நம் மரபணுவுக்குள் நுழைவது ஹெபடைடிஸ் பி வைரஸ்தான். கல்லீரல் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு வழி.

கேள்வி: ஹெபடைடிஸ் சி-க்கு?

தடுப்பூசி இன்னும் இல்லை. மாத்திரையால் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. டிஎன்ஏ ஊசி அல்லாமல், வேறு வைரஸ்களில் ஏற்றிக் கொடுத்த ஒரு தடுப்பூசியின் முடிவு 2021-இல் வந்தது: டி செல்கள் நன்றாகவே எழுந்தன, நாள்பட்ட தொற்று தடுக்கப்படவில்லை. ஹெபடைடிஸ் சி வைரஸ் அவ்வளவு வேகமாக உருமாறுகிறது.