12 சதவீதம் உறுதி என்றால் உஷார்

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு, தோப்புக் குத்தகைப் பணம் 2 லட்சத்தை பி2பி ஆப்பில் (நம் பணத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு வட்டிக்குக் கடனாகக் கொடுக்க வழிசெய்யும் ஆப்) போடலாமா, "12 சதவீதம் உறுதி, நினைத்தபோது எடுக்கலாம்" என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அப்படிச் சொல்லி விற்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்டிலேயே கறாராகச் சொல்லிவிட்டது. அந்த ஆப்பை விடுங்கள்.

வேறு பார்ப்பதென்றால், ரிசர்வ் வங்கித் தளத்தில் என்பிஎஃப்சி-பி2பி (இந்தக் கடன் தளம் நடத்தும், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள்) பட்டியலில் கம்பெனியின் பதிவுப் பெயரைத் தேடுங்கள். ஆப்பின் பெயர் வேறாக இருக்கலாம். பணம் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் (கம்பெனி இஷ்டத்துக்கு எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கு) போகணும், ஏஜெண்டின் ஜிபேக்கு அல்ல.

ஒரே ஆளுக்கு 50,000 வரை கடன் கொடுக்கச் சட்டம் விடும். ஆனால் நாலு பேருக்குப் பிரித்தால், ஒருத்தர் கைவிரித்ததும் கால்வாசி போச்சு. 2,000 வீதம் நூறு பேருக்குப் போடுங்கள். அப்போதும் ஐந்து பேர் கட்டாவிட்டால் அசலில் 10,000 போகும். அந்த நஷ்டம் உங்களுடையது, கம்பெனி தராது. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் காப்பீடும் இதற்குக் கிடையாது. வட்டிக்கு வரி வேறு. குத்தகைப் பணம் முழுவதையுமா? 20,000 போட்டுப் பாருங்கள், போதும்.